கருங்காலி மேசையைக் கொடுத்தது நான்தான்

உக்குவளை
14.5.1967

அன்பு மகன் லாபிருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஒரு வாரமாக மழை, முழங்கால் வலி கொஞ்சம் உண்டு, மற்றபடி அல்லாஹ் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. லண்டன் குளிரில் உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் வாப்பாவின் வாப்பா செய்வித்த கருங்காலி மேசையை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்று இரண்டு பக்கம் கோபப்பட்டிருக்கிறாய். அங்கே வெள்ளைக்காரர் வீடுகளில் பழைய சாமானுக்குத்தான் மதிப்பாம், போமிக்காத் தகடு ஒட்டின புது மேசை வாங்கி வைத்தது ரசனை கெட்ட வேலையாம். ரசனை எனக்கும் இருக்கிறது மகன். அந்த மஞ்சள் மேசையையும் நாலு கதிரையையும் மாத்தளைக் கடையில் நானே பார்த்து, பிடித்துத்தான் வாங்கினேன். ஈரத்துணியால் ஒருதரம் துடைத்தால் போதும். கருங்காலி மேசைக்கோ ஒவ்வொரு பெருநாளைக்கும் முன்னால் தரையில் குந்தி, காலில் செதுக்கிய பூக்களுக்குள் அடைந்த தூசியை ஈர்க்கால் கிண்டி எடுத்தேன், முப்பத்தொரு வருஷம். அதில் ஒருநாளாவது உட்கார்ந்து சாப்பிட்டேனா, யோசித்துப் பார். வாப்பா, சாச்சா, வந்த விருந்தாளிகள், ஏழு வயதில் நீகூட உட்கார்ந்தாய். நான் பின்னால் நின்று பரிமாறிவிட்டுக் குசினி அடுப்போரம் பலகை போட்டுச் சாப்பிட்டேன். யாரும் கொடுமை செய்யவில்லை, அதுதான் வழக்கம். வாப்பா மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்ததும் அந்த வழக்கத்தையும் நான் முடித்துக்கொண்டேன்.

மேசை இப்போது றஸ்மியா டீச்சர் வீட்டில் இருக்கிறது. பதினாலு பெண்பிள்ளைகள் அதில் துணி வெட்டித் தையல் பழகுகிறார்கள். துணி அளக்க விளிம்பில் ஆணி அடித்திருப்பதும் உண்மைதான். முதல் ஆணியை அடித்தது நான்.

நீ எழுதிக் கேட்டாய் என்று மக்கீன் சாச்சா போன செவ்வாய்க்கிழமை லொறியும் நாலு ஆட்களும் கொண்டு மேசையைத் தூக்கிவர அங்கே போய்விட்டார். கேள்விப்பட்டதும் குடைகூட எடுக்காமல் ஓடினேன். பிள்ளைகள் துணிகளைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். மதினி, இது எங்கட வாப்பாட சாமான், ஒதுங்கிக்கோங்க என்றார் சாச்சா. உன் வாப்பாவின் தம்பி முன்னால் நான் ஒருநாளும் குரல் உயர்த்தியவளில்லை. அப்போது எனக்கு ஒரு கதிரையை மேசைத் தலைப்பக்கம் இழுத்துப் போட்டது யார் தெரியுமா, அங்கே தையல் பழகும் அவருடைய மகள் உம்மு குல்தூம். உட்கார்ந்தேன். தூக்குறதுன்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்க தம்பி என்றேன். ஆட்கள் சாச்சாவைப் பார்த்தார்கள், சாச்சா மகளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்வரை நான் எழும்பவில்லை, லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. பிள்ளைகள் மறுபடி துணியை விரித்தார்கள்.

இனி இந்த விஷயமாகச் சாச்சாவுக்கு எழுதாதே, கோபமென்றால் என்னிடமே எழுது. தொழுகையை விடாதே, காலில் நனைந்த சப்பாத்தோடு வேலைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் விசாலமான மனதும் தரட்டும். லீவு கிடைத்தால் வா. சோறும் கறியும் நடுவில் இருக்கும், நீயே போட்டுக்கொள். உனக்கு எதிரே நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
கைறுன்னிஸா