வடக்கு ஏரி இல்லாத படம்

சித்திரை, செவ்வாய் இரவு

ஓர் ஏரி எங்கே போகும்? எனக்குத் தெரியவில்லை. சுரங்கத்துக்கு வடக்கே பழைய நில அளவைப் படத்தில் நீலமாக ஒரு பெரிய ஏரி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அளந்த புதிய படத்தில் அதே இடம் வெறும் வயல். சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்யும் குடும்பங்களுக்கு அங்கேதான் மனை. சுரங்க நிறுவனத்தின் படப் பிரிவில் நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

"புதுப் படத்தை நம்புங்க மேடம். மத்தது வெள்ளைக்காரன் காலத்துப் பழசு" என்று சிரித்தார் மனை பிரிக்கும் என்ஜினீயர்.

பழையது என்பதற்காக நம்ப நானும் தயாரில்லை. நேரில் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றேன்.

புதன்

ஜீப்பில் போனோம். தண்ணீர் இல்லை, எங்கும் வெள்ளரிக்கொடி. காய் பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், இங்கே வீடு கட்டலாமா என்று என்ஜினீயர் கேட்டார்.

"கட்டுங்க சார். ஐப்பசியில நீந்திக்கினே வூட்டுக்குப் போவலாம்."

அளந்தவர்களும் கோடையில்தான் வந்திருக்க வேண்டும். கொடியைப் பார்த்து வயல் என்று வரைந்துவிட்டார்கள். கரையில் மதகு இருந்தது. என்ஜினீயர் அதன்மேல் உட்கார்ந்து ஒரு வெள்ளரிக்காய் முழுவதையும் தின்றார். பிறகு, மனைகளை மேட்டுப்பக்கம் மாற்றிவிடலாம் என்றார்.

திரும்பி வந்து புதிய படத்தில் ஏரியை வரைந்தேன். பென்சிலில்தான். மழை வரட்டும்.