பிறீசரைத் திறக்க முன்னம்

இஞ்சாருங்கோ லவீனாவின்ரை அப்பா,

நான் நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போறன். வர ஆறு மணியாகும்.

நீங்கள் கடலாலை வந்தவுடனை பிறீசரின்ரை மேல்தட்டிலை இருக்கிற ரெண்டு ஐஸ்கிறீம் பெட்டியையும் வெளியிலை எடுத்து வையுங்கோ. ஒண்டு பருப்பு, மற்றது பாரைமீன் குழம்பு. பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வர முந்தி இளகிப்போடும். சோறு வடிச்சு வைச்சிருக்கிறன். குழம்பை நீங்களே சூடாக்குங்கோ, லவீனாவை அடுப்புக்குக் கிட்ட விடாதேங்கோ.

உங்கடை தூண்டில் இரைப் பையை இனி என்ரை பெட்டியளுக்கு மேலை வைக்கவேண்டாம். ஞாயிறு பூசையாலை வந்து, பொழுதுபடுமட்டும் அடுப்படியிலை நிண்டு ஒரு கிழமைக்குச் சமைச்சது அது. கடைப் பார்சல் வாங்கிறதை விட்டபடியால்தான் இந்த மாசம் பிள்ளையின்ரை ரியூசன் காசைக் கட்டினனான்.

நேற்று உங்கடை அண்ணைக்கு முன்னாலை, "கடலுக்குப் போறவன்ரை வீட்டிலை ஐஸ் மீனோ?" எண்டு கேட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டீங்கள். அண்ணை குனிஞ்ச தலை நிமிராமல் சாப்பிட்டார்.

பெர்னடெட்

வெளியிலை போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுங்கோ.

இதையும் எழுதாமல் போக மனம் வரேல்லை. போன கிழமை முழுக்கக் காத்து. ஐஞ்சு நாள் உங்கடை வள்ளம் கரையிலைதான் கிடந்தது. அந்த ஐஞ்சு நாளும் மீன் குழம்பை ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்கள். மீன் எங்காலை வந்ததெண்டு நீங்கள் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.