“என் அளவுகள் அத்தனையும் தப்பு” என்று எழுதியவளுக்கு

என் அருமைப் பூங்கொடி அக்கா,

உன் வலைப்பூவின் கடவுச்சொல்லை ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாய். நீ போய் எட்டு மாதமாகிறது. இன்றுதான் துணிந்து திறந்தேன். இந்தக் கடிதத்தை அங்கேயே போடுகிறேன்; உன் வாசகர்களும் படிக்கட்டும்.

வேதியியல் துறையில் நாம் ஆறு பேர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தோம். தோற்றதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, உன்னைத் தவிர. நெறியாளரின் கையெழுத்துக்காக வராந்தாவில் நின்றது, கருத்தரங்கில் நாக்கு ஒட்டிக்கொண்டது, கட்டுரை மூன்றாம் முறையும் திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் சொந்தப் பெயரில், சிரிக்கச் சிரிக்க எழுதினாய். பாதியில் விட்டுப் போக இருந்த என்னை அந்தப் பதிவுகள்தான் உட்கார வைத்தன.

அப்புறம் அந்தப் பதிவு. மல்லசமுத்திரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு எவ்வளவு என்று ஒரு வருடம் அளந்திருந்தாய். கருவியைச் சரிபார்க்கும் கரைசலை நீயே தப்பாகக் கலந்திருந்தது கடைசியில் தெரிந்தது. ஆய்வேடு கொடுக்க இரண்டே மாதம். சத்தமில்லாமல் மூடியிருக்கலாம். நீயோ, எங்கே எப்படித் தவறினாய் என்று வரிசையாக எழுதிப் போட்டாய்.

துறையின் பெயர் கெடும், உடனே எடு என்றார் நெறியாளர். அவர் முன்னால் நாங்கள் நிற்கவே நடுங்குவோம். நீ நிதானமாகச் சொன்னாய்:

“அதுல பொய் இருந்தாச் சொல்லுங்க சார், எடுத்தர்றேன். நெசமுன்னா அங்கயே கெடக்கட்டுமுங்க.”

மறுநாளே ஸ்கூட்டியில் பாட்டில்களோடு கிணறு கிணறாகக் கிளம்பிவிட்டாய். இரண்டாம் முறை அளந்து முடிப்பதற்குள் ரத்தப் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அக்கா. நானும் அதே கரைசலை வைத்துத்தான் ஜலகண்டாபுரத்துக் கிணறுகளை அளந்தேன். பதிவு போடும் முன் என்னிடம் வந்தாய். “உம்பேரை எழுதல சாமி. உன்ற அளவை நீயே பாத்துக்க” என்றாய். என் கட்டுரை அப்போதுதான் ஆய்விதழில் வந்திருந்தது. நான் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன்? கேட்டால் பொய் சொல்வேன் என்று தெரிந்திருந்ததா?

மூன்று மாதத்துக்கு முன் தம்மம்பட்டியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி உன்னைத் தேடி வந்தாள். உன் பதிவைப் படித்துத் தன் கரைசலைச் சோதித்திருக்கிறாள், அதுவும் தப்பாம். நேரில் நன்றி சொல்ல வந்தவளிடம் நீ இல்லை என்று நான்தான் சொன்னேன். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஜலகண்டாபுரத்துக் கிணறுகளை மறுபடி அளந்தேன். குடிக்கலாம் என்று நான் எழுதிய ஐந்தில் மூன்று, குடிக்கக் கூடாதவை. அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தை நெறியாளரிடம் நீட்டினேன். வெகுநேரம் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, “பூங்கொடி பதிவோட சுட்டியையும் சேத்து அனுப்பும்மா” என்றார்.

நீ அளக்காமல் விட்ட பதினோரு கிணறுகளையும் நான் அளப்பேன். வரும் எண்களை இங்கேயே எழுதுவேன். தப்பு நேர்ந்தால், தப்பென்றும் எழுதுவேன்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
வனிதா