பாதியில் விட்ட படிக்கட்டு

அன்புள்ள மாமி,

காலையிலிருந்து வீடெல்லாம் தேன்மெழுகு மணக்கிறது. நாளைக்கு உங்கள் நினைவுத் திருப்பலி. முடிந்ததும் எல்லோரும் இங்கேதான் சாப்பிட வருகிறார்கள். கோழியை ஊறவைத்துவிட்டுப் படிக்கட்டுக் கைப்பிடிக்கு மெழுகு போட உட்கார்ந்தேன். பாதி தேய்ப்பதற்குள் கை நின்றுவிட்டது. இந்த மணத்தில் எப்போதும் நீங்கள் முழங்காலில் இருக்கிறீர்கள், மாமி. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இந்த வீட்டை வாங்கியபோது உங்கள் மகனுக்குத்தான் அதில் பித்து. விக்டோரியா காலத்து வீடு. கதவு, சன்னல் சட்டம், படிக்கட்டு எல்லாவற்றிலும் யார் யாரோ பூசிவிட்டுப் போன பெயின்ற். அத்தனையையும் உரித்துப் பழைய மரத்தை வெளியே கொண்டுவரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னறைக் கதவை முடித்தார். படிக்கட்டில் கொஞ்சம் உரித்தார். பிறகு ஒருநாள் உடுப்புகளை எடுத்துக்கொண்டு, வேலையிடத்தில் பழகிய பெண்ணோடு வாழப் போய்விட்டார். சுரண்டிகளும் பெயின்ற் உரிக்கும் மருந்துப் பேணிகளும் படிக்குக் கீழே கிடந்தன. நீங்களும் நானும் மிஞ்சினோம்.

கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பர்மிங்காமில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லி வந்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஒருவர் மறுபடியும் விசாரித்தார். நான் வாய் திறக்குமுன் நீங்கள் பதில் சொன்னீர்கள்.

"அவன் என்ர மருமகளை விட்டிட்டுப் போட்டான். பர்மிங்காமும் இல்லை, ஒண்டும் இல்லை."

சுற்றி நின்றவர்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கோட்டைக்கூடப் போடாமல் வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் வேறு இடத்தில் போய் இருந்தேன்.

அன்றிரவு நீங்கள் சாப்பிட வரவில்லை. கூப்பிட்டதற்கு, "நீ உழைச்சுப் போடுற சோத்தைத் தின்ன எனக்கு வெக்கமாக் கிடக்கு, பிள்ளை" என்றீர்கள். இதென்ன கதை என்று சொல்லித் தட்டை உங்கள் கையில் வைத்தேன். மறுநாள் வேலையால் வந்து கதவைத் திறந்தால், நீங்கள் படியில் முழங்காலூன்றிச் சுரண்டியோடு இருக்கிறீர்கள். தூள் போக, அந்தக் குளிரில் சன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது.

எழும்பச் சொன்னேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், புருசன் போன கோபத்தில் மாமியைக் கூலி வேலைக்கு விட்டிருக்கிறாள் என்று சொல்லமாட்டார்களா என்றும் கேட்டேன். நீங்கள் நிமிரவே இல்லை. "என்ர பிள்ளை துவங்கினது. ஆராவது முடிக்கத்தானே வேணும்." அவ்வளவுதான். நான் பழைய உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து உங்களுக்குக் கீழ்ப்படியில் இருந்தேன்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. இந்தப் பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், உலர்ந்தபடி உரஞ்சித் தூள் கிளப்பக் கூடாது என்று பெயின்ற் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பசை மருந்தைத் தடிப்பாய் அப்பி, பொலித்தீனால் மூடி, ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுத்தோம். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மண்ணிறம். கடைந்தெடுத்த சிறு தூண்களின் பள்ளங்களுக்குப் பழைய பல்துலக்கிகள். நீங்கள் தேக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தீர்கள். வந்தது வெறும் பைன் மரம். ஆனால் கைப்பிடியை உரித்தபோது கருஞ்சிவப்பாக மகோகனி தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவிப் பார்த்தீர்கள்.

"கை படுற இடத்துக்கு மட்டும் நல்ல மரம் போட்டிருக்கிறாங்கள். கெட்டிக்காரர்" என்று சிரித்தீர்கள். அவர் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அரக்குப் பூச்சை மெல்லிசாகத் துணியால் தடவி, மேலே தேன்மெழுகும் தேய்த்து முடித்த வாரம், அவர் உங்களைக் கூட்டிப்போக வந்தார். வாசலில் கார் நின்றது. அதற்குள் அவள் இருந்தாள். அவர் உள்ளே வந்ததும் கைப்பிடியைத் தடவி, நல்லாய் வந்திருக்கிறது என்றார், தானே செய்து முடித்தவர் மாதிரி. பிறகு உங்களுக்கு ஒரு அறை ஒழுங்குபடுத்தியிருப்பதாகச் சொன்னார். நான் குசினி வாசலில் நின்றேன். நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன்.

"நான் இஞ்சதான் இருப்பன்" என்றீர்கள். "நீ வந்து பார்த்திட்டுப் போ. ஆனா அந்தப் பிள்ளையை வெளியில இருத்திப்போட்டு வராத. உன்ர வெக்கத்தை அவளின்ர தலையில ஏத்தாத."

அவர் தலை குனிந்தார். எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அது கொஞ்ச நேரம்தான். நீங்கள் குசினிக்குள் வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல் தேநீர் ஊற்றி, என் கோப்பையிலேயே, வெளியே எடுத்துப் போனீர்கள். சன்னலால் பார்த்தேன். கார்க் கண்ணாடி இறங்கியது. அவள் இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கினாள்.

அன்று முழுவதும் நான் உங்களோடு பேசவில்லை. இரவு நீங்களாகவே சொன்னீர்கள்: "அது காருக்குள்ள குனிஞ்ச தலை நிமிராமல் இருந்தது, பிள்ளை. எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு." அந்தக் குனிந்த தலையைச் சன்னலில் நின்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலுமாக இருந்தது. இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு அவர்கள் இடைக்கிடை வந்தார்கள்; அவள் வாசலைத் தாண்டமாட்டாள். வந்தால் நான் மேல்மாடிக்குப் போய்விடுவேன். விவாகரத்தும் முடிந்தது. நீங்கள் என்னோடுதான் இருந்தீர்கள். வருத்தம் வந்து உடம்பு தளர்ந்து படியேற முடியாமல் போனபோது முன்னறையில் கட்டில் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் படிக்கட்டு தெரியும் என்று சொல்லிக் கதவைச் சாத்த விடமாட்டீர்கள்.

உங்களை அடக்கம் செய்த அன்று கோயில் வாசலில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் பெட்டிக்குத் தோள்கொடுத்து முன்னால் போய்விட்டார். பெட்டிக்குப் பின்னால் போகும் முதற்காரில் நெருங்கிய குடும்பம் மட்டும்தான் ஏறலாம் என்று, ஒழுங்குகளைப் பார்த்த ஆங்கிலேயர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்து, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று மரியாதையாகத்தான் கேட்டார். மருமகள் என்று சொல்ல உரிமை இல்லை. முன்னாள் மருமகள் என்று சொல்ல மனமில்லை. பின்னால் ஊர்ச்சனம் முழுவதும் நிற்கிறது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு விலகப் பார்த்தேன்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. எனக்கும் அந்த ஆங்கிலேயருக்கும் நடுவில் வந்து நின்று, "இவர் அவருடைய மகள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கார்க் கதவைத் திறந்து என்னை ஏற்றிவிட்டாள். தான் ஏறவில்லை. மற்றவர்களோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நேற்றுத்தான் முதன்முதலாக அவளுக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு அவரோடு சேர்ந்து வா என்றேன். "உள்ளுக்கு வரலாமா, அக்கா?" என்று கேட்டாள். ஓம், வா என்றேன்.

உங்கள் மகள் என்று என்னை ஒருவரும் அதற்கு முன் சொன்னதில்லை, மாமி. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அதை அவள் சொன்னாள். இனி யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் அவளை நினைத்து வெட்கத்தில் முகம் சுடும். சுடட்டும்.