உறைமேல் எழுதிய விலாசம்

பம்பாய், 14-7-1961

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, நாறும்பூநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். சாரலில் நனைந்து நிற்கும் உங்களுக்கு இருமல் தேவலையா?

என் அறையில் இருக்கும் சிவகிரி மசூதுக்கு முந்தாநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டேன். எழுந்து உட்கார்ந்தவன், "இந்த நீவலை எங்கலே படிச்ச?" என்றான்.

"எங்கப்பா குத்தாலம் அருவியில எண்ணெய் தேய்க்காரு."

"மளிகைக்கடைன்னுல்லா சொன்னே?"

"அது வெக்கத்துல சொன்ன பொய்லே."

அவன் சிரிக்கவில்லை. தோளையும் நீவச் சொன்னான்.

எண்ணெய்க் கையோடு என் புத்தகத்தைத் தொடாதீர்கள் என்று உங்களிடம் கத்தியவன் நான்.

ஒரு குப்பி எண்ணெய் அனுப்புங்கள். இங்கே கிடைக்கும் எண்ணெயில் அந்த வாசனை இல்லை.

இதுவரை நம் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடை விலாசத்துக்கே கடிதம் போட்டேன். இந்த உறையில், "எண்ணெய் தேய்க்கும் பலவேசம், பெரிய அருவி, குற்றாலம்" என்று எழுதியிருக்கிறேன். தபால்காரர் அங்கேயே வருவார். கையைத் துடைக்க வேண்டாம், அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
நாறும்பூ