பாலத்துக்கு முன்னால் ஒரு குரல்

என் ஆசை நைனாவுக்கு,

உன் சின்னப் படகு விறகாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சலில் நீ போனதிலிருந்து அது நம் ஊர் தடாவில், கால்வாய்க் கரையில் கவிழ்ந்தே கிடந்தது. பெரிய படகில் ஊர்ச் சரக்கையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, ஓய்ந்த நாளில் சும்மா சுற்றிப் பார்க்க நீ செய்துகொண்டது. அம்மா ஒரு நாளும் அதில் ஏறினதில்லை. "சொமை ஏத்தாத படகு எதுக்குடி? ஒடைச்சு அடுப்புல வச்சுடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் கழிந்ததும் நான்தான் கேட்டேன். நைனா பார்த்த மெட்ராஸ் பாலங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், அப்புறம் உடைத்துக்கொள் என்று. அம்மா சிரித்துவிட்டாள்.

"வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லவே உனக்கு வாய் வராது. பாலத்துக்குப் பாலம் யாரு கொரல் குடுக்கறது?"

அவள் சொன்னது சரிதான். பாலத்தடியில் ஒரு படகுதான் போக முடியும். முன்னாலேயே குரல் கொடுத்தால்தான் எதிர்ப்படகு நிற்கும். பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டால்கூட வாய் திறக்காமல், ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்.

சித்தப்பா தன் விறகுப் படகின் பின்னால் நம் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஆந்திராவைத் தனியாகப் பிரித்தால் கால்வாயில் யாரையும் விடமாட்டார்கள் என்று பயந்தாயே, நைனா? தடா ஆந்திராவோடுதான் போயிற்று. கரையில் ஒருவர் "எக்கடிக்கி?" என்றார். "மெட்ராஸுக்கு" என்றார் சித்தப்பா. "சரே, போண்டி" என்று போகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இதற்கா நீ அப்படித் தூங்காமல் கிடந்தாய்?

மெட்ராஸ் வந்ததும், பேசின் பாலத்தில் சித்தப்பா விறகு இறக்க நின்றுவிட்டார். நானும் அம்மாவும் சின்னப் படகில் ஏறினோம். நான் கழி ஊன்றினேன். அம்மா இரண்டு பக்கப் பலகையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பாலத்தில் என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நல்ல வேளை, எதிரில் யாருமில்லை.

"ஏண்டி, கொக்குகூட திரும்பிப் பாக்கல."

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் அடுத்த பாலம். மேலே பஸ்ஸும் குதிரை வண்டியும் தடதடவென்று ஓடின. அங்கேயும் குரல் வரவில்லை. பாதி நுழைந்த பிறகுதான் பார்த்தேன்: எதிர்வாயில் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு ஒரு வைக்கோல் படகு. அம்மா என் காலைக் கட்டிக்கொண்டாள். குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை, நீ கொடுக்கிற மாதிரியே வந்தது.

"ஓ... ஓ... தடா வருது, ஓரம்!"

பாலம் அதை வாங்கி, இன்னும் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. வைக்கோல் படகு பின்வாங்கிக் கரையோரம் ஒதுங்கியது. நாங்கள் வெளிச்சத்துக்கு வந்தபோது அந்தப் படகிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா, தடாக்காரரா? ரொம்ப நாளா காணோமே!" என்னைப் பார்த்ததும், "அட, பொண்ணு!" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாதான் சொன்னாள்: "அவரு இல்லீங்க. இது அவரு பொண்ணு."

அவர் தலைமுண்டாசை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "நல்லாக் குடுத்தம்மா கொரலு" என்றார்.

நீ போன பிறகு, உன் குரலை நினைத்துப் பார்க்க முடியாமல் எவ்வளவு தவித்தேன் தெரியுமா? இத்தனை நாள் அது எங்கே இருந்தது, நைனா?

அதன்பின் கூவம். நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே அம்மா கேட்டாள்: "அடுத்த பாலம் எப்போடி வரும்?" பலகையிலிருந்து அவள் கையை எப்போது எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

திரும்பி வந்ததும் சித்தப்பாவிடம் அவள் சொன்னது ஒன்றுதான். "சின்னப் படகுக்குத் தாரு பூசணும், எங்கனா கெடைக்குதா பாருங்க."

கடலோரத்துப் பெரிய பாலம் வரை போனதே இல்லை என்று குறைப்படுவாயே? அடுத்த தையில் அம்மாவை அங்கே கூட்டிப்போகிறேன். நுழைவதற்கு முன்னாலேயே குரல் கொடுப்பேன்.

உன் குரலை வைத்திருக்கும் பொண்ணு,
கன்னியம்மா