வின்சன்டைத் தூக்க ஆறு பேர்

பெப்ரவரி 9, ஞாயிறு

கெத்தரின் வேலை செய்யும் சீகிரியா ஹோட்டலில் கொடுத்த டயரி இது. "சும்மாதான் கெடக்குது, எழுதும்மா" என்றாள் மகள். தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில், பேச ஆள் நிறைய. இங்கே வின்சன்ட் மட்டும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவரோடு பேசிவிட்டேன், புதிதாக ஒன்றும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துவிட்டது என்று எங்களை எழுப்பி, லக்கலப் பக்கம் காணியும் இரண்டு அறை வீடும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வேறு வேறு இடம். இந்த ஊரில் எல்லாம் சிங்கள வீடுகள், மூன்று முஸ்லிம் வீடு, ஒரு தமிழ் வீடு. அந்த ஒன்று நாங்கள்.

வின்சன்ட் தகரப் பெட்டியைக் காலி பண்ணவில்லை. சட்டை வேண்டுமென்றால் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கையை விட்டு எடுக்கிறார், திரும்பப் பூட்டுகிறார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மிளகுக் கன்றுகளும் பால்மா டின்னிலேயே நிற்கின்றன. நடுவோமே என்றேன்.

"நட்டுட்டு? ரத்தோட்டைக்குத் தம்பிகிட்ட போறப்ப தோண்டவா?"

பெப்ரவரி 11

பஸ் வரவில்லை. நாளைக்கும் வராதாம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நல்ல ஊர்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஏன் போகவேண்டும் என்று இன்று பிடித்துக் கேட்டேன். முதலில் தண்ணீர் சரியில்லை என்றார். பிறகு வெயில். கடைசியில் உண்மை வந்தது.

"இங்க செத்தா என்னய யாரு தூக்குவா?"

தோட்டத்தில் என்றால் தப்பு மேளம் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மூன்று லயமும் வாசலில் நிற்கும். இங்கே நம் பாஷை பேசுவது அன்ஸாப் நானாவின் கடையில் மட்டும்.

"ஒரு பக்கம் நான் தூக்குறேன், மத்தப் பக்கம் நீங்களே பிடிச்சிக்கங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. படுத்த பிறகு எனக்கும் அது வேடிக்கையாக இல்லை.

மார்ச் 8, சனி

பக்கத்துக் காணி நிஷாந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்குத்தானே மரணாதார சமிதி இருக்கு, அக்கே" என்றாள். சாவு வீட்டுக்குக் கொட்டகை, கதிரை, சோறு, தூக்க ஆள், எல்லாம் சமிதி பார்க்குமாம். அங்கத்தவராக இருந்தால் போதும். தலைவர் ஹீன்பண்டாவிடம் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனாள்.

ஹீன்பண்டா நல்ல மனிதர். சட்டம் பேசும்போது மட்டும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். புதிதாக வந்தவர்கள் ஒரு வருடம் ஊரில் இருந்த பிறகுதான் சேரலாம் என்றார்.

"அதுக்குள்ள இவரு செத்துட்டா?"

மேல் பொத்தானையும் போட்டார். "சாகாம பாத்துக்குங்க."

வரும் வழியெல்லாம் வின்சன்ட் பள்ளம் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

மே 2

டின்னில் மிளகுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், நான் பார்க்காத நேரத்தில். பார்த்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழா. அங்கே கொழுந்தனைச் சந்தித்தோம். அண்ணனும் தம்பியும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். திரும்பும்போது முடிவோடு வந்தார்கள்: காணியில் போட்ட மரவள்ளியை எடுத்ததும் ரத்தோட்டைக்குப் போவது.

எனக்குப் போக மனமில்லை. லயத்தில் பக்கத்து அறைக்காரன் தும்மினால் எங்கள் வீட்டில் கோப்பை ஆடும். இங்கே நாலு சுவரும் நம்முடையவை. தும்முவதும் நாம்தான்.

அந்தோனியாரிடம் காணாமல் போனதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். போகப்போகிற ஆளை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமா, தெரியவில்லை. கேட்டேன். "இந்த மனுசன இங்கயே வச்சிருங்க" என்றேன்.

ஆகஸ்ட் 17

யானை வந்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனது. நடையில் வின்சன்ட் சாயல். சொன்னேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

பன்றி மரவள்ளியில் ஒரு வரிசையைத் தோண்டிவிட்டது. போகப்போகிறவருக்கு ஏன் இவ்வளவு கோபம்? கேட்கவில்லை.

செப்டெம்பர் 24, புதன்

எழுதிப் பாக்கிறேன்.

காலையில் அவருடைய பிரஷர் மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலை சுற்றுகிறது, நீயே போ என்று வின்சன்ட் நின்றுகொண்டார். பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினால் — எங்க வீட்டுப் பாதை நெடுக வெள்ளைக் கொடி. அந்தப் பாதையில வேற வீடு இல்ல. வாசல்ல பாதிக் கொட்டகை. லேண்ட்மாஸ்டர் டிராக்டர்ல இருந்து கதிரை எறக்குறாங்க. நிஷாந்தி ஓடி வந்து என்னயக் கட்டிப்பிடிச்சு அழுவுறா. "அனே அக்கே, அனே அக்கே..."

நான் ஒண்ணுமே கேக்கல. கேட்டா சொல்லிருவாங்க. தலை சுத்துதுன்னு சொன்ன மனுசன விட்டுட்டுப் போயிட்டேனே. அந்தோனியாரே, இங்கயே வச்சிருங்கன்னா இப்படியா?

ஹீன்பண்டா கையைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தார். "பெட்டி எப்ப வரும்?" என்று மெதுவாகக் கேட்டார். காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனதை ஊர் பார்த்திருக்கிறது. பிறகு கொடியைப் பார்த்திருக்கிறது. வீடு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. எனக்கு என்ன பெட்டி என்று விளங்கவில்லை.

அப்போது பின்னால் ஓடைப் பக்கமிருந்து, தோளில் துவாயும் கையில் சோப்புமாக ஒருவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். முகம் வெளுத்து என்னைக் கேட்டார்:

"மரியாயி... யாரு செத்தது?"

அன்ஸாப் நானாதான் முதலில் வாய் திறந்தார். "மவுத்தானவர் குளிச்சிட்டு வாரார்."

தலை சுற்றல் பொய். பன்றியை வெருட்டக் கயிறு கட்ட ஆசை. வெள்ளை உரப்பையைக் கீறிக் கீறி, மரவள்ளி ஓரமாகப் பாதை நெடுகக் கட்டிவிட்டு, மத்தியானத்திலிருந்து ஓடையில் ஊறிக் கிடந்திருக்கிறார். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் கட்டுவோம். தப்புச் சத்தம் கேட்காமல் அங்கே ஒருவரும் அழமாட்டோம். இங்கே தப்பு கிடையாது, சாவு வீடென்றால் வெள்ளைக் கொடிதான்; அவர் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டார் என்று ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

நான் துவாயைப் பிடுங்கி அவரை நாலு அடி அடித்தேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. தடுக்கவில்லை.

சாவு வீட்டுக்கென்று வந்த சோற்றைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாதாம். ஆகவே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பூசணிக்காய்க் கறி, கருவாடு. செத்தவர் இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். கை கழுவிவிட்டு வின்சன்ட் ஹீன்பண்டாவிடம் போய், உடைந்த சிங்களத்தில் கேட்டார். "என்னயத் தூக்க யார வச்சிருந்தீங்க?"

ஹீன்பண்டா ஆறு பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். நிஷாந்தியின் புருஷன் முன்னால். அன்ஸாப் நானா பின்னால். வின்சன்ட் ஒவ்வொருவர் தோளாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இவரு கட்டை. பெட்டி சாயும். நடுவுல போடுங்க."

ஹீன்பண்டா மாற்றி நிறுத்தினார்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

ஹீன்பண்டா வந்தார். பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். அங்கத்தவர் அல்லாத வீட்டுக்குச் சமிதி கொட்டகை போட்டதும் கதிரை இறக்கியதும் சட்டப் பிழையாம். பிழையைத் திருத்த ஒரே வழி, நாங்கள் அங்கத்தவர் ஆவது. ஆகிவிட்டோம். இனி உண்மையாகச் செத்த பிறகு கொடி கட்டும்படி கேட்டுக்கொண்டார்.

உரப்பையை அவிழ்த்துவிட்டோம். பன்றிக்குப் பழைய சேலை. சிவப்பு.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மழை. மரவள்ளி எடுத்து முடிந்தது. ரத்தோட்டைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வெளியே பார்த்தால் மிளகு டின்கள் காலி. மிளகு படரும் கிளிசிரியா மரங்களின் அடியில் புது மண். "பன்றி நட்டுட்டுப் போயிருக்கு போல" என்றேன்.

"சும்மா கெட."

நவம்பர் 16, ஞாயிறு

நிஷாந்தியின் மாமனார் வியாழக்கிழமை போய்விட்டார். இன்று அடக்கம். நல்ல கிழவர். நான் எதையாவது சொல்லிச் சீண்டினால் பல் இல்லாமல் சிரிப்பார். அழுதேன். நான்தான் சோற்றுக்குப் பருப்பு வைத்தேன்.

பாதை முழுக்கக் கொடி கட்டியது வின்சன்ட். கயிறு நேராக நிற்கும்படி கட்ட ஊரில் வேறு ஆள் இல்லையாம், ஹீன்பண்டா சொன்னார். பெட்டியைத் தூக்கும்போது முன்னால் வலது பக்கம் நின்றார். கட்டையானவரை நடுவில் போட்டார்கள்.

ரத்தோட்டையிலிருந்து கொழுந்தன் போன் பண்ணினார். எங்களுக்குப் பார்த்த அறையைப் பிடித்து வைக்கவா, வேறு ஆளுக்கு விடவா என்று கேட்டார். வின்சன்ட் போனைக் கையால் மூடிக்கொண்டு வெளியே போய்ப் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

வந்து தகரப் பெட்டியைத் திறந்து எல்லாச் சட்டையையும் எடுத்துத் துணி போடும் கொடியில் போட்டார். அவிழ்த்து வந்த வெள்ளைக் கொடிகளை மடித்து உள்ளே அடுக்கிப் பூட்டினார். சாவியைக் கேட்டேன். தரவில்லை.

"சமிதிச் சாமான்" என்கிறார்.